நாற்பத்தேழு

கும்பகோணம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்
என் பையை எட்டிப் பார்த்தார்:
நகை ஆசாரிகள் கண்ணில் இடுக்கும் லென்ஸ்,
மான்தோல், தையல் மெஷின் எண்ணெய்,
நுனி தேய்ந்த திருப்புளி.
"ஜாதகம் பார்ப்பீங்களா?" என்றார்.
ஏறக்குறைய அதுதான்.
பிறந்த வருஷம், பிறந்த ஊர், உடம்பில் மச்சம்.

காரைக்காலில் மத்லேன் அம்மாள்
முதலில் லைசென்ஸை எடுத்து வைத்தார்.
அப்புறம் தேர்தலுக்குத் தேர்தல்
ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதுக் கட்டு,
அப்பாவின் பிரெஞ்சு பென்ஷன் புத்தகம்,
கடைசியாகத்தான் பிஸ்கட் டின்.

லூகர்.
சேம்பரின் மேல் 1917.
அதன் கீழ் மூன்று மணிமுடிகள்,
எறும்பு கடித்த தடம் அளவில்.
"ஜெர்மன் கர்னலைச் சாய்த்துப் பிடுங்கியது
என்பான் தம்பி.
சைகோனில் சீட்டாட்டத்தில் ஜெயித்தது
என்பாள் அம்மா."
என் படிவத்தில் கதைக்குக் கட்டம் இல்லை.

வலப்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குத் துருக்குழி.
ஸ்டேஷன் அலமாரியின் கசியும் மூலை,
போதாததற்குக் கடல் காற்று.
துரு கட்சி பார்ப்பதில்லை.
மேகசினின் அடிக்கட்டை
ஜெர்மன் மரம் இல்லை, பூவரசு;
உள்ளூர்த் தச்சன் கைவேலை.
அதற்குக் கொஞ்சம் கழித்தேன்.

ஆனால் விசையைப் பார்த்ததும் நிமிர்ந்தேன்.
இரும்பைக் காய்ச்சி, நீலம் பாயுமுன்
தீயிலிருந்து எடுத்தால் வரும் வைக்கோல் நிறம்.
வைக்கோலில் எங்களை ஏமாற்ற முடியாது.
மழையில் மாட்டிய குறுவை வைக்கோல் கறுத்திருக்கும்.
போலி மெருகு மஞ்சள் பெயின்ட் போலப் பல்லிளிக்கும்.
இது தை மாத வெயிலில்
உதறிப் போட்ட சம்பா.

எண்களுக்கு வந்தேன்.
சட்டத்தில் முழு எண், 6347.
சின்ன உறுப்புகளில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும்.
விசையில் 47. தாழில் 47.
முழங்கால் போல் மடங்கும் மூட்டில் 47.
எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.
நூறு வருஷம் கழித்து இப்படிக் கிடைப்பது
எனக்கு இதுவரை இரண்டு முறை.

பின்பக்கத் திருகைக் கால் சுற்று திருப்பினேன்.
சுருள்வில் உள்ளங்கையில் குதித்தது.
அடிஊசி இல்லை.

"அரசலாற்றில் கிடக்கும்" என்றார்,
சாவியைத் தொலைத்தவர் குரலில்.

"பதினாறு வயசு எனக்கு. ஐப்பசி.
கரண்ட் போன ராத்திரிகளில்
அப்பா இதை மடியில் வைத்துக்கொண்டு
விடியும்வரை உட்கார்ந்திருப்பார்.
ஒரு நாள் அவர் காலைப் பூசைக்குப் போன நேரம்
கழற்றி, பாலத்து நடுவில் நின்று போட்டேன்.
ஆறு நுங்கும் நுரையுமாகப் போனது.
இருபத்திரண்டு வருஷம் கழித்துப் படுக்கையில்தான் போனார்.
கடைசிவரை அவருக்குத் தெரியாது."

"இதனால் எவ்வளவு குறையும்?"
"பாதி."
"பாதிதானா" என்றார்.

லென்ஸை மறுபடி கண்ணில் வைத்தேன்.
சுருள்வில்லில் ஒரு பொட்டுத் துரு இல்லை.
இண்டு இடுக்கில் காய்ந்த எண்ணெய்,
வெல்லப்பாகு நிறத்தில், படலம் படலமாக.
திருகின் வாய் வழவழவென்று தேய்ந்திருந்தது.
ஒரு தடவை திறந்தால் இப்படித் தேயாது.
வாரம் தவறாமல் யாரோ திறந்து,
காலியாக இருந்த அந்தக் குழாய்க்கு
எண்ணெய் விட்டு
மூடியிருக்கிறார்கள்.

வாயால் சொல்ல வரவில்லை.
குறிப்புகள் கட்டத்தில் எழுதினேன்,
எழுதியதைப் படித்துக் காட்டுவது வழக்கம்:
"அடிஊசி இல்லை.
அது போன பிறகும் உட்புறம் பல்லாண்டுகள்
தொடர்ந்து பராமரிக்கப்பட்டுள்ளது."

அம்மாள் டின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.
வெளியே மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.
"அந்த ரெண்டாவது வரி," என்றார்,
"அதை மட்டும் இன்னொரு தடவை."